பியர்டட் டிராகனும் லெப்பர்ட் கெக்கோவும்: ஒரே அறை, இரண்டு தொட்டி

வீட்டில் பியர்டட் டிராகன் என்ற பெரிய பல்லி இருக்கிறது, அதன் கண்ணாடித் தொட்டியில் பாதி இடம் சும்மா கிடக்கிறது. அதிலேயே லெப்பர்ட் கெக்கோ என்ற சிறிய பல்லியையும் விட்டால் என்ன என்று புதிதாக வளர்ப்பவர்கள் பலருக்கும் தோன்றும். விடாதீர்கள். இரண்டையும் ஒரே அறையில் நன்றாக வளர்க்கலாம், தொட்டி மட்டும் தனித்தனியாக இருக்க வேண்டும்.

சட்டத்தை முதலிலேயே பார்த்துவிடுங்கள். சிங்கப்பூரில் இந்த இரண்டுக்கும் அனுமதி இல்லை. இந்தியாவில் நட்சத்திர ஆமை, உடும்பு, மலைப்பாம்பு போன்ற நம் நாட்டு ஊர்வனவற்றை வீட்டில் வைத்திருப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

படி 1: தேவைகளை எழுதிப் பாருங்கள்

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். டிராகன் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியைச் சேர்ந்தது. பகலில் நடமாடும். வெயில் காயும் இடம் 38 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை சூடாக இருக்க வேண்டும், யுவிபி என்ற புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கும் கட்டாயம். வளர்ந்த டிராகனுக்குக் கீரைதான் முக்கிய உணவு.

கெக்கோ ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்துப் பாறை நிலத்துப் பல்லி. அந்தி சாய்ந்த பிறகே வெளியே வரும். 31 முதல் 33 டிகிரி வரை சூடான ஒரு பொந்து போதும். பூச்சி மட்டுமே தின்னும். டிராகன் 45 முதல் 60 செ.மீ. வரை வளரும், கெக்கோ 25 செ.மீ. தாண்டுவது அரிது. குட்டி கெக்கோவை டிராகன் இரையாகவே பார்க்கும்.

படி 2: "ஒற்றுமையாகப் படுத்திருக்கின்றன" என்று ஏமாறாதீர்கள்

சூடான கல்லின் மேல் டிராகன் வயிற்றைப் பரப்பிப் படுத்திருக்கும். அதன் விலாவுக்கு அடியில் கெக்கோவின் தலை மட்டும் வெளியே தெரியும், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. பார்க்க அணைத்துக்கொண்டது போலத்தான் இருக்கும். உண்மையில் பெரியது சூட்டைப் பிடித்துக்கொண்டது, சிறியதற்குப் போக வேறு இடமில்லை. கெக்கோ தன் கொழுப்பை வாலில்தான் சேமிக்கும். சில வாரங்களில் அந்த வால் மெலிந்தால், அது சரியாகத் தின்னவில்லை அல்லது நோய் பிடித்திருக்கிறது. டிராகனின் தாடி, அதாவது தொண்டைத் தோல், அடிக்கடி கறுத்தாலும், கண்ணாடியை ஓயாமல் பிராண்டினாலும் அதுவும் நெருக்கடியில் இருக்கிறது என்று கொள்ளுங்கள்.

படி 3: புதிதாக வந்ததை 90 நாள் தனியறையில் வையுங்கள்

இதில் மட்டும் அவசரப்படவே கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி கெக்கோக்களை எலும்பும் தோலுமாக்கிவிடும். நம்பகமான மருந்து கிடையாது, சாதாரண பிளீச்சுக்கும் அது சாகாது. வெளியே எந்த அறிகுறியும் இல்லாமலே ஒரு விலங்கு அதைச் சுமந்திருக்கலாம். மலத்தில் எல்லா நாளும் வெளிப்படாது என்பதால், ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் சில வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை மலப் பரிசோதனை செய்யுங்கள். தரையில் டிஷ்யூ பேப்பர் விரித்தால் மலத்தைக் கவனிப்பது சுலபம். வாரம் ஒரு முறை கிராம் தராசில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள்.

ஆமையோடு பல்லியையோ பாம்பையோ சேர்ப்பது இன்னும் மோசம். ஆமையின் குடலில் தொல்லை தராமல் வாழும் ஒருவகை அமீபா, மற்ற இரண்டின் குடலையும் புண்ணாக்கிக் கொன்றுவிடும்.

படி 4: தொட்டிகளை அடுக்குங்கள்

டிராகனுக்கு 120 × 60 × 60 செ.மீ., கெக்கோவுக்கு 90 × 45 × 45 செ.மீ. போதும். டிராகன் மேல் தட்டில், கெக்கோ கீழ்த் தட்டில் இருக்கட்டும். மாற்றி வைத்தால், கீழே எரியும் விளக்கின் சூடு மேலேறி கெக்கோவின் குளிர்ந்த மூலையையும் சூடாக்கிவிடும். பக்கத்தில் பக்கத்தில்தான் வைக்க முடியும் என்றால், ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவில் ஓர் அட்டையைச் செருகுங்கள்.

யுவிபி விளக்கைக் கண்ணாடி மூடிக்கு மேலே வைக்காதீர்கள், கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். சூடு தரும் ஒவ்வொரு கருவிக்கும் சூட்டை அளவோடு வைக்கும் தெர்மோஸ்டாட் வேண்டும். கெக்கோவுக்கு ஈரப்பாசி போட்ட ஒரு டப்பாவும் வையுங்கள், தோல் உரிக்க அது உதவும்.

படி 5: வேலையை வரிசையாகச் செய்யுங்கள்

முதலில் பழைய விலங்கு, கடைசியில் புதியது. இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம் எல்லாம் தனித்தனி. ஒன்று தின்னாமல் விட்ட பூச்சியை மற்றதற்குப் போடாதீர்கள். அப்புறம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஊர்வனவற்றிலிருந்து சால்மொனெல்லா என்ற பாக்டீரியா நமக்கும் தொற்றும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் தேவை.

ஏற்கெனவே இரண்டையும் ஒன்றாக விட்டிருந்தால், புதுத் தொட்டி வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். காற்றுத் துளை போட்ட ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி, தெர்மோஸ்டாட்டோடு ஒரு சூட்டுப் பாய், இரண்டு மறைவிடம், தண்ணீர். இது போதும், கெக்கோவை இன்று இரவே மாற்றிவிடலாம்.