பிசியோதெரபிக்கு எதிர்காலம் உண்டா: கணக்குப் போடும்போது செய்யும் தவறுகள்

2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகையில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைத் தொட்டவர்கள். 2031இல் இது 18.2 சதவீதமாகும் என்பது மத்திய அரசின் கணிப்பு. மூட்டுத் தேய்மானம், பக்கவாதம், இடுப்பெலும்பு முறிவு எல்லாம் கூடவே கூடும். இந்த எண்களைக் காட்டித்தான் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளிடம் ‘பிசியோவுக்கு நல்ல ஃபியூச்சர்’ என்கிறார்கள். எண்கள் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் பாதியில் நிற்கிறது.

தேவையையும் வேலையையும் ஒன்றாக நினைப்பதே முதல் தவறு, மற்ற பல தவறுகளுக்கு வேரும் அதுவே. நோயாளி இருப்பதால் மட்டும் ஒரு பணியிடம் பிறந்துவிடாது. அந்தச் சிகிச்சைக்கு யாராவது தொடர்ந்து பணம் கட்ட வேண்டும். இந்தியாவில் பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள், ஆஸ்பத்திரியில் படுத்து எடுக்கும் சிகிச்சைக்கானவை. டிஸ்சார்ஜ் ஆனபின் மாதக்கணக்கில் எடுக்க வேண்டிய பிசியோதெரபிக்குப் பணம் பெரும்பாலும் குடும்பத்தின் கையிலிருந்துதான் வருகிறது. பக்கவாதம் வந்தவருக்கு ஆறு மாதப் பயிற்சி தேவைப்பட்டாலும், ‘பிடிச்சுக்கிட்டு நடக்குறாரே, போதும்’ என்று சில வாரங்களில் நிறுத்திவிடும் வீடுகள் ஏராளம். பிசியோதெரபிஸ்டுக்கு அந்த வீட்டிலிருந்து வந்த மாத வருமானமும் அத்துடன் நின்றுபோகும்.

ஆகவே வேலை வாய்ப்பைப் பார்க்கும்போது ‘இங்கே பணம் கட்டுவது யார், எத்தனை மாதம் கட்டுவார்’ என்று கேளுங்கள். மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையின் பேக்கேஜிலேயே பிசியோ கட்டணமும் சேர்ந்திருக்கும் மருத்துவமனை, தீவிர சிகிச்சைப் பிரிவு, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மையம், மறுவாழ்வு மையம் ஆகியவற்றில் வேலை ஓரளவு நிலையானது. தெருமுனை கிளினிக் அப்படியல்ல.

அமெரிக்க எண்ணை நம் ஊருக்குப் பொருத்திப் பார்ப்பதும் இதே குழப்பம்தான். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை 2024 முதல் 2034 வரை பிசியோதெரபிஸ்ட் வேலைகள் 11 சதவீதம் கூடும் என்கிறது. அங்கே மெடிகேர் என்ற அரசுக் காப்பீடும் தனியார் காப்பீடும் கட்டணத்தைச் சுமக்கின்றன. இணையத்தில் ‘மிக வேகமாக வளரும் தொழில்’ என்று வரும் கட்டுரைகளில் பல இந்த எண்ணை எடுத்து எழுதியவை. ஈரோட்டிலோ திருநெல்வேலியிலோ கிடைக்கப்போகும் சம்பளத்துக்கு அது ஆதாரமாகாது.

அரசு வேலைக்காகவே வருடங்களைக் கழிப்பவர்களும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், வீட்டுக்கே போய் பிசியோ தரும் வேலையை வட்டார அளவில் உருவாக்கியது. அது பெரிய மாற்றம்தான், நோயாளிகளுக்கு உண்மையாகவே உதவியது. ஆனால் அவை ஒப்பந்த அடிப்படையில், தொகுப்பூதியத்தில் அமைந்த பணிகள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நிரப்பும் நிரந்தர இடங்கள் படித்து வெளிவருவோரின் எண்ணிக்கைக்கு முன் மிகக் குறைவு. விண்ணப்பியுங்கள், ஆனால் வேலை பார்த்துக்கொண்டே விண்ணப்பியுங்கள். இரண்டு வருட இடைவெளி விழுந்தால் கையும் மறந்துபோகும், வெளிநாட்டு உரிமங்களுக்கும் அது தடையாகும்.

கல்லூரியைக் கட்டடத்தைப் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். டாக்டர் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகம் அல்லது அங்கீகாரம் பெற்ற வேறு பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்பது முதல் கேள்வி. அடுத்தது, சொந்த மருத்துவமனை உண்டா, எத்தனை படுக்கை, நரம்பியல், எலும்பு, குழந்தைகள் பிரிவு, ஐசியூ நான்கிலும் மாணவர்கள் கைவைத்துச் சிகிச்சை தருகிறார்களா என்பது. சொந்த மருத்துவமனை இல்லாத இடங்களில் இன்டர்ன்ஷிப் என்பது பல நேரம் வேறொரு ஆஸ்பத்திரியின் மூலையில் நின்று வேடிக்கை பார்ப்பதாக முடிகிறது. இறுதியாண்டு மாணவர் ஒருவரிடம் ‘ஒரு நாளைக்கு எத்தனை நோயாளியை நீங்களே பார்க்கிறீர்கள்’ என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். இன்னொன்று: பிசியோதெரபி பட்டப்படிப்பு நாலரை ஆண்டு என்ற பழைய கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஆணையம் 2025இல் புதிய பாடத்திட்டத்தை வெளியிட்டிருக்கிறது. நீங்கள் சேரும் ஆண்டில் படிப்புக் காலம், பயிற்சிக் காலம், நுழைவு நிபந்தனை என்ன என்பதைக் கட்டணம் கட்டுமுன் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சங்க உறுப்பினர் அட்டையைச் சட்டப்படியான பதிவாகக் கருதுவதும் தவறு. 1955இல் தொடங்கிய இந்திய பிசியோதெரபிஸ்ட் சங்கம் ஒரு தொழில்முறைச் சங்கம். சட்டப் பதிவு வேறு.

வேலைக்கு வந்தபின் நடக்கும் பெரிய தவறு, இயந்திரத்தை நம்பிப் பிழைப்பது. ஐஎஃப்டி என்ற மின்தூண்டல் 15 நிமிடம், அல்ட்ராசவுண்ட் ஒலியலைச் சிகிச்சை 8 நிமிடம், ஒரு மெழுகு ஒத்தடம், ‘நாளைக்கு வாங்க’. இப்படி ஓடும் கிளினிக்கில் பத்து வருடம் இருந்தாலும் கற்றுக்கொள்வது ஒரு வருடப் பாடம்தான். டென்ஸ் என்ற வலி குறைக்கும் மின்தூண்டல் கருவியை நோயாளியே கடையில் வாங்கி வீட்டில் மாட்டிக்கொள்ளும் காலம் இது. கருவி செய்யும் வேலைக்கு விலை குறைந்துகொண்டே போகும். பரிசோதித்துக் காரணம் கண்டுபிடிப்பது, எந்தப் பயிற்சியை எத்தனை முறை, எவ்வளவு சுமையில், எப்போது கூட்டுவது என்று முடிவெடுப்பது, பயந்த கிழவரை நம்பிக்கையோடு நடக்க வைப்பது ஆகியவற்றின் மதிப்பு குறையாது.

நோயாளியின் முன்னேற்றத்தை அளந்து காட்டவும் தெரிய வேண்டும். முழங்கால் எத்தனை டிகிரி மடங்குகிறது என்பதைக் கோனியோமீட்டர் என்ற கோணமானியில் பார்த்து எழுதுங்கள். நாற்காலியிலிருந்து எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார எத்தனை விநாடி ஆகிறது என்று குறியுங்கள். முதியவருக்கு 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் விழும் அபாயம் உண்டு. முதல் நாள் 24, மூன்றாம் வாரம் 15 என்று காட்டினால் அந்தக் குடும்பம் பாதியில் நிறுத்தாது. அனுப்பிய எலும்பு மருத்துவரும் அடுத்த நோயாளியை அனுப்புவார்.

ஹோம் விசிட் வருமானத்தையும் பலர் தவறாகப் போடுகிறார்கள். உதாரணத்துக்கு ஒரு விசிட்டுக்கு 500 ரூபாய், நாளைக்கு 6, மாதம் 25 நாள் என்றால் 75,000 ரூபாய். சிகிச்சைக்கு 45 நிமிடம், பயணத்துக்கு 30 நிமிடம் என்றால் அது ஏழரை மணி நேர உழைப்பு. ‘இன்னிக்கு வேண்டாம், கோயிலுக்குப் போறோம்’ என்று நாலில் ஒன்று ரத்தானால் கையில் வருவது 56,250. பெட்ரோலும், ஏஜென்சி வழியே போனால் அவர்களின் பங்கும் இதிலிருந்துதான் போக வேண்டும். பிஎஃப் இல்லை, சம்பளத்தோடு விடுப்பும் இல்லை.

சொந்த உடம்பைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் அதிகம். இந்தத் தொழிலில் அதிகம் அடிபடுவது கீழ்முதுகு. கையால் அழுத்தும் சிகிச்சை தருவோருக்குக் கட்டைவிரல் மூட்டும் போகும். கட்டிலின் உயரத்தை மாற்றாமல் குனிந்தே வேலை செய்வது, கனமான நோயாளியைத் துணையில்லாமல் சக்கர நாற்காலிக்கு மாற்றுவது இரண்டும் முக்கியக் காரணங்கள். முதுகு போனால் முப்பது வருடக் கணக்கும் போய்விடும்.

எம்பிடி என்ற முதுநிலைப் படிப்பை எடுக்கும்போது ஐபிஎல் அணியின் ஜெர்சியை மனதில் வைத்து விளையாட்டுப் பிரிவுக்கே ஓட வேண்டாம். அணிக்கு ஒன்றிரண்டு இடம்தான் இருக்கும். நரம்பியல், குழந்தைகள், இதய-நுரையீரல், இடுப்புத்தளத் தசைச் சிகிச்சை (சிறுநீர்ப்பை, கருப்பை போன்றவற்றைத் தாங்கும் தசைகளுக்கானது) ஆகியவற்றில் திறமையானவர்களுக்கு இன்னும் பஞ்சம்தான்.

வெளிநாடு போவோர் சறுக்கும் இடம் வேறு. பிரிட்டனில் ஓராண்டு எம்எஸ்சி முடித்தால் தானாகப் பதிவு கிடைத்துவிடும் என்று கடன் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பதிவுக்குத் தகுதி தருவது ‘பிரீ-ரெஜிஸ்ட்ரேஷன்’ வகைப் படிப்பு மட்டுமே. மற்றவர்கள் இந்தியப் பட்டத்தை வைத்து எச்சிபிசி என்ற அந்நாட்டுப் பதிவு அமைப்பில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அங்கே ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் 7 வேண்டும், எந்தப் பிரிவிலும் 6.5க்குக் குறையக் கூடாது. பதிவு கிடைத்தாலும் வேலை உறுதியில்லை. 2025இல் அங்கேயே படித்தவர்கள்கூட இளநிலை இடங்களுக்குத் திண்டாடினார்கள். ஜெர்மனிக்குப் பொதுவாக பி2 நிலை (மேல் இடைநிலை) ஜெர்மன் வேண்டும். அமெரிக்காவில் பட்ட மதிப்பீடு, என்பிடிஇ என்ற உரிமத் தேர்வு இரண்டையும் தாண்டினாலும், கிரீன் கார்டுக்கு இந்தியர்களின் வரிசை பத்து ஆண்டுக்கும் மேல் நீள்கிறது.

வளைகுடாவுக்கு டேட்டாஃப்ளோ என்ற நிறுவனத்தின் சான்று சரிபார்ப்பும் உரிமத் தேர்வும் உண்டு. அந்தச் சரிபார்ப்பில் நம் ஊர்க்காரர்களைத் தனியாக வாட்டுவது இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஒரே எழுத்தாக இருப்பது, பாஸ்போர்ட்டில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்து நிற்கும். பட்டச் சான்றிதழ் அச்சாகுமுன் பல்கலைக்கழகத்தில் பெயரைச் சரிசெய்வது எளிது, அச்சானபின் மாதக்கணக்கில் அலைய வேண்டும். இன்டர்ன்ஷிப் முடியும் வாரத்திலேயே பாடவாரியான மணி நேரக் கணக்கு, பிரிவுவாரியான பயிற்சிச் சான்று, முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட் ஆகியவற்றில் குறைந்தது மூன்று பிரதி வாங்கி வையுங்கள்.