மாற்றுத் துப்பாக்கி: பறவை வேட்டைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் அபர்டீன் ஊருக்கு வெளியே, வேட்டையின் இரண்டாம் நாள் காலையில் என் இரட்டைக் குழல் துப்பாக்கியின் கீழ்க்குழல் வெடிக்கவில்லை. அரை நிமிடம் குழலைத் தரைப்பக்கம் பிடித்துக் காத்திருந்துவிட்டு, தோட்டாவை எடுத்துப் பார்த்தேன். அடியில், தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசி குத்திய பள்ளத்தைக் காணோம், லேசான கீறல் மட்டும் இருந்தது. உள்ளே ஊசியின் முனை உடைந்திருந்தது. மினியாபொலிஸிலிருந்து ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஓட்டிப் போயிருந்தேன். வெளி மாநிலத்தவருக்கு அங்கே தரும் வேட்டை உரிமம் ஐந்தைந்து நாளாக இரண்டு தவணை. அந்த ஐந்தில் ஒரு நாள் ஏற்கெனவே போயிருந்தது.

காரில் இன்னொரு துப்பாக்கி இருந்தது. தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று வாங்கிப் போட்ட பம்ப் ஷாட்கன், அதாவது முன்பிடியை முன்னும் பின்னும் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றும் வகை. அதை எடுத்துக்கொண்டு சம்புப் புதர் ஓரமாக நடந்தேன். நாய் மோப்பம் பிடித்து அசையாமல் நின்றது. ஃபெசன்ட் என்ற கோழியினப் பறவையின் சேவல் ஒன்று படபடவென்று எழுந்தது. துப்பாக்கி தோளுக்கு வந்தது, கட்டைவிரல் பழக்கத்தில் மேலே, தவறிச் சுடாமல் விசையைப் பூட்டி வைக்கும் சேஃப்டியைத் தேடிப் போனது. அங்கே வெறும் இரும்புதான். இந்தத் துப்பாக்கியில் சேஃப்டி விசைக்குப் பக்கத்தில் குறுக்கே தள்ளும் பொத்தானாக இருந்தது. அது நினைவுக்கு வருவதற்குள் பறவை நாற்பது கஜம் தாண்டிவிட்டது.

இரண்டாவது துப்பாக்கி வாங்குகிறவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். விலையைப் பார்க்கிறோம், கை பழகியதைப் பார்ப்பதில்லை. ஃபெசன்ட் எழும்பிச் சுடும் தூரத்தைத் தாண்ட இரண்டு, மூன்று விநாடிதான் ஆகும். அதற்குள் அது சேவலா பெட்டையா என்று கண் பார்த்தாக வேண்டும், ஏனென்றால் அங்கே ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று சேவல்தான் அனுமதி, பெட்டையைச் சுடக்கூடாது. மற்றதையெல்லாம் கை தானாகச் செய்ய வேண்டும். பறவை தப்பிப் போனதுகூடப் பெரிதில்லை. சேஃப்டி எங்கே என்று விரல் தடவும்போது அது விசைக்குப் பக்கத்தில் அலைகிறது, குழல் முனையும் கூடவே அலைகிறது. முன்னால் நாய் இருக்கும், பக்கவாட்டில் நண்பர்கள் நடந்துகொண்டிருப்பார்கள். அன்றைக்கு நான் பயந்தது அதற்குத்தான்.

அதனால் முதல் துப்பாக்கியில் சேஃப்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு இரண்டாவதைத் தேடுங்கள். ஓவர்-அண்டர், அதாவது என்னுடையதைப் போல ஒரு குழலுக்கு மேல் இன்னொரு குழல் உள்ள துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குப் பெரும்பாலும் அது மேலே, கட்டைவிரல் படும் இடத்தில் இருக்கும். மலிவு விலை பம்ப் வகைகளில் மோஸ்பெர்க் 500-க்கும் அப்படியே. 1961-இல் வந்த மாடல் அது, பழையதாகவும் ஏராளமாகக் கிடைக்கும். அதே குடும்பத்தில் இன்னும் மலிவான மேவரிக் 88 புதிதாகவே பொதுவாக 300 டாலருக்குள் வரும், உழைக்கவும் செய்யும். ஆனால் அதில் சேஃப்டி குறுக்குப் பொத்தான். ரெமிங்டன் 870 என்ற பம்ப் வைத்திருப்பவருக்கு மேவரிக் சரியான துணை, ஏனென்றால் 870-லும் பொத்தான் விசைக்குப் பக்கத்தில்தான். ஓவர்-அண்டர் வைத்திருப்பவருக்கு நான் மேவரிக்கைச் சொல்ல மாட்டேன். கொஞ்சம் கூடக் கொடுத்து 500-ஐ வாங்குங்கள்.

அடுத்தது கேஜ், அதாவது குழல் துளையின் அளவு. எண் கூடினால் துளை சிறிது. இதில் நடக்கும் தவறு உயிருக்கே ஆபத்து. முதல் துப்பாக்கி 12 கேஜ், இரண்டாவது மலிவாகக் கிடைத்த 20 கேஜ் என்று வைத்துக்கொள்வோம். வேட்டை அங்கியின் ஒரே பையில் இரண்டு வகைத் தோட்டாவும் கலந்துவிடும். 20 கேஜ் தோட்டா 12 கேஜ் குழலுக்குள் வழுக்கிக்கொண்டு உள்ளே போய், குழல் குறுகும் இடத்தில் சிக்கி நின்றுவிடும். பின்னாலிருந்து பார்த்தால் தோட்டா போடாத மாதிரியே தெரியும். போட மறந்துவிட்டோம் என்று 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் கைக்குள்ளேயே வெடித்துப் பிளக்கும். இதற்காகத்தான் 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்கிறார்கள். மஞ்சள் இருக்கிறதே என்று நம்பி இருக்காதீர்கள். குளிரில், கையுறையோடு, பறவை கத்துகிற நேரத்தில் யாரும் நிறம் பார்ப்பதில்லை. இரண்டு துப்பாக்கியும் ஒரே கேஜாக இருந்தால் இந்தக் கவலையே இல்லை, வாங்கி வைத்த தோட்டாவும் வீணாகாது. வேறு வேறுதான் என்றால் ஒன்றை எடுக்கும்போது மற்றதன் தோட்டாக்களை எண்ணி எடுத்துக் காரில் வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பழைய துப்பாக்கியில் தோட்டா அறையின் நீளத்தையும் பாருங்கள். குழலின் பக்கத்தில் 2¾ அங்குலம் என்று பொறித்திருந்தால் அதில் 3 அங்குலத் தோட்டாவைப் போடக்கூடாது. போட்டால் உள்ளே போய்விடும், ஏமாறுவது அதனால்தான். சுடும்போது தோட்டாவின் மடித்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் கூடிவிடும். நூறு வருடத்துக்கு முந்தைய சில துப்பாக்கிகளில் அறை இன்னும் குட்டை. தாத்தா காலத்து அழகான இரட்டைக் குழலைச் சுவரில் மாட்டி வைக்கலாம். துப்பாக்கி பழுதுபார்ப்பவர் அளந்து சொல்லாமல் அதில் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.

பழையதில் இன்னொரு சிக்கல் ஸ்டீல் ரவை, அதாவது தோட்டாவுக்குள் இருக்கும் எஃகுச் சிறு குண்டுகள். நீர்ப்பறவைகளுக்காக மத்திய அரசு ஒதுக்கியிருக்கும் பொது நிலங்களில் ஃபெசன்ட் வேட்டைக்கும் ஈய ரவை கூடாது. ஸ்டீல் ஈயத்தைப் போல நசுங்காது. குழல் முனை மிக இறுக்கமாக, அதாவது ஃபுல் சோக்காக நிரந்தரமாகச் செய்யப்பட்ட பழைய துப்பாக்கியில் அதைச் சுட்டால் முனை வீங்கிவிடலாம். முனையின் இறுக்கத்தை, அதாவது சோக்கை, மாற்றக்கூடியதாகப் பார்த்து வாங்கினால், அதிகம் இறுக்காத இம்ப்ரூவ்டு சிலிண்டர் ஒன்று, நடுத்தரமாக இறுக்கும் மாடிஃபைடு ஒன்று, இரண்டையும் வைத்துக்கொண்டு சீசன் முழுக்க ஓட்டிவிடலாம்.

கடையில் மிக மலிவாகத் தொங்கும் பம்ப் பல நேரம் வீட்டுப் பாதுகாப்புக்கென்று செய்த 18½ அங்குலக் குழல்காரன். பறவைக்கு அது வேண்டாம். 26 அல்லது 28 அங்குலம்தான் வீசும்போது நிதானமாக நகரும். ஒற்றைக் குழல் துப்பாக்கியும் மலிவுதான், ஆனால் கனம் குறைவு என்பதால் தோளில் பலமாக உதைக்கும். அதைவிட, பழைய மாடல்களில் ஊசியைத் தட்டும் சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னுக்கு இழுக்க வேண்டும். உறைபனியில் மரத்துப்போன விரல் வழுக்கினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றும் மலிவு விலை செமி ஆட்டோ எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். டிசம்பர் குளிரில் எண்ணெய் கெட்டியாகி அது திணறும்போது பம்ப் ஓடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

நம்மவர்கள் பலரும் கவனிக்காதது தோளில் பதிக்கும் கட்டையின் நீளம். விசையிலிருந்து கட்டையின் அடி வரை பெரும்பாலான துப்பாக்கிகள் 14 அங்குலத்துக்கு வருகின்றன. ஐந்தரை அடி உயரமுள்ள ஒருவர் குளிருக்குத் தடித்த கோட்டும் போட்டுக்கொண்டால் அடிப்பகுதி அக்குளில் மாட்டிக்கொண்டு தோளுக்கு வராது. அளவு குறைந்த, இடையில் வில்லைகள் வைத்து நீட்டக்கூடிய கட்டையோடு பம்ப் வகைகள் வருகின்றன. சிறுவர்களுக்கு என்று எழுதியிருந்தால் கூச்சப்பட வேண்டாம். கடைக்குப் போகும்போது வேட்டைக்குப் போடும் அதே கோட்டைப் போட்டுக்கொண்டு போய்த் தோளில் வைத்துப் பாருங்கள்.

பழையது வாங்கினால் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்க்க வேண்டும். எங்காவது வளையமாக நிழல் தெரிந்தால் அங்கே வீங்கியிருக்கிறது, வாங்காதீர்கள். கட்டை மெலிந்து இரும்போடு சேரும் கழுத்தில் நகத்தை ஓட்டினால் விரிசல் தட்டுப்படும். மடக்கும் வகை என்றால் முன்கட்டையைக் கழற்றிவிட்டுக் குழலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கடகடத்தால் மூட்டு தேய்ந்திருக்கிறது.

போன வருடம் வேலை விசாவில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டார்: “அண்ணா, அது சும்மா எக்ஸ்ட்ராதானே, உங்க பேர்லயே வாங்கித் தந்துடுங்களேன்.” முடியாது என்று சொல்லிவிட்டேன். கடையில் நிரப்பும் படிவத்தில், துப்பாக்கி யாருக்காக என்ற கேள்விக்குப் பொய் சொல்லி இன்னொருவருக்காக வாங்குவது மத்தியச் சட்டப்படி குற்றம். கிரீன் கார்டு உள்ளவர்கள் வாங்கலாம். வேலை விசாவில் இருப்பவர்களுக்குப் பொதுவாகத் துப்பாக்கியும் தோட்டாவும் தடை, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. உரிமம் காலாவதியாகி, வேறு விலக்கும் இல்லையென்றால் அலமாரியில் சும்மா வைத்திருப்பதுகூடத் தவறாகிவிடும். குடிவரவு வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடுங்கள், மாநிலச் சட்டம் வேறு தனியாக இருக்கிறது. அந்தத் தம்பி அப்புறம் பாதுகாப்பு வகுப்பு முடித்து, உரிமம் வாங்கி, முறைப்படி தானே வாங்கிக்கொண்டார்.

கடைசியாக, வாங்கி அட்டைப்பெட்டியோடு காரில் போட்டுவிடுவது. நான் செய்தது அதேதான். முதலில் தொழிற்சாலை எண்ணெயைத் துடைத்துவிட்டு, நாற்பது கஜத்தில் பெரிய காகிதம் ஒட்டி, வேட்டைக்கு எடுக்கும் அதே தோட்டாவால் சுட்டு, 30 அங்குல வட்டம் போட்டுப் பாருங்கள். ரவை வட்டத்தின் நடுவில் விழுகிறதா, ஒரு பக்கம் ஒதுங்குகிறதா என்று தெரிந்துவிடும். பிறகு பயிற்சி மைதானத்தில், காற்றில் வீசும் களிமண் தட்டுகள் குறைந்தது ஐம்பது சுட வேண்டும். விலை குறைந்த தோட்டாக்களின் அடிப்பகுதி சிலவற்றில் பித்தளைக்குப் பதில் இரும்பு. சொரசொரப்பான அறையில் சூடானதும் அது ஒட்டிக்கொண்டு வெளியே வராமல் அடம்பிடிக்கும். அந்தக் கோளாறு மைதானத்திலேயே தெரிந்தால் வேட்டைக்கு முன்பே சரிசெய்துகொள்ளலாம்.

இப்போது என் காரில் இருப்பது பழைய 12 கேஜ் பம்ப், சேஃப்டி மேலே, கட்டை 13½ அங்குலம். அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை சீசன் திறக்கும். அதற்கு இரண்டு வாரம் முன்பு, முதல் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போய் 25 தட்டு சுட்டுவிட்டு வருகிறேன்.