பழைய லினக்ஸ் கணினியில் எச்டி வீடியோ திக்காமல் ஓட

படம் திக்கித் திக்கி ஓடுகிறது, சத்தம் மட்டும் முன்னாடி போய்விடுகிறது என்றால் எல்லாரும் முதலில் ராம் மேல்தான் பழி போடுவார்கள். நானும் அப்படித்தான் ராமை இரட்டிப்பாக்கினேன், துளி மாற்றமில்லை. சுருக்கி வைத்த வீடியோவை விரித்துக் காட்டுவது ராமின் வேலையே இல்லை. அதைப் பிராசஸர் செய்கிறதா, கிராபிக்ஸ் சிப் செய்கிறதா என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

வீடியோவை ஓடவிட்டு டெர்மினலில் டாப் (top) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். டாப் ஒரு கோருக்கு (பிராசஸருக்குள் இருக்கும் ஒரு தனி வேலைப் பகுதி) 100 சதவீதம் என்று கணக்கு வைக்கும், அதனால் இரண்டு கோர் உள்ள கணினியில் பிளேயருக்கு நேராக 180, 190 என்று வந்தால் பிராசஸர் தனியாளாக மல்லுக்கட்டுகிறது என்று அர்த்தம்.

அடுத்து, விஏஇன்ஃபோ (vainfo) என்ற சின்ன கருவியை நிறுவி ஓட்டுங்கள். உங்கள் சிப்புக்கு எந்தெந்த கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் முறை) தெரியும் என்று வரிசையாகச் சொல்லிவிடும். எச்264 வரியின் கடைசியில் விஎல்டி (VLD) என்று இருந்தால் அதை விரிக்கத் தெரியும். பட்டியலுக்குப் பதிலாகப் பிழைச் செய்தி வந்தால் பெரும்பாலும் டிரைவர் இல்லாததுதான் காரணம். பழைய இன்டெல் சிப்புக்கு ஐ965 டிரைவர், 2014இல் வந்த பிராட்வெல் தலைமுறை சிப் முதல் இன்டெல் மீடியா டிரைவர், ஏஎம்டி என்றால் மெசா என்ற கிராபிக்ஸ் மென்பொருள் தொகுப்பின் விஏ டிரைவர்.

சரி, பிளேயர். என் ஓட்டு எம்பிவிக்குத்தான் (mpv). அதன் அமைப்புக் கோப்பில் எச்டபிள்யூடெக் என்பதற்கு ஆட்டோ என்று (hwdec=auto) கொடுத்தால் போதும், முடிந்தவரை சிப்பையே விரிக்க வைக்கும். சிப் கைவிட்டால் சத்தமில்லாமல் பிராசஸரிடம் வேலையைத் தள்ளிவிடும், அதனால் படம் ஓடும்போது ஆங்கில ஐ (i) எழுத்து விசையைத் தட்டி, எது விரிக்கிறது, எத்தனை ஃபிரேம் தவறியது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் செய்தும் திணறினால் கோப்பையே சந்தேகப்படுங்கள். 2011இல் வந்த இன்டெல் சாண்டி பிரிட்ஜுக்கு எச்.264 தண்ணி பட்ட பாடு, ஆனால் எச்.265 என்றால் முழிக்கும்; அதற்கு 2015இன் ஸ்கைலேக்காவது வேண்டும். எச்.264இலேயே 10 பிட்டில் (வழக்கமான 8 பிட்டைவிட நுணுக்கமான நிற அளவு) செய்த கோப்புகளைப் பழைய சிப்புகள் தொடவே தொடாது. யூடியூப் கதையும் இதேதான், அது விபி9, ஏவி1 என்ற புதிய கோடெக்குகளில் அனுப்பும், பழைய கணினி மூச்சு வாங்கும். பிரவுசரில் எச்264இஃபை (h264ify) என்ற நீட்சியைப் போட்டால் எச்.264ஐ மட்டும் கேட்டு வாங்கும்.

சிப்பால் முடியவே முடியாது என்றால் பிராசஸரின் சுமையைத்தான் குறைக்க வேண்டும். எச்.264 கோப்பு என்றால் விஎல்சி பிளேயரின் உள்ளீடு, கோடெக் அமைப்பில் லூப் ஃபில்டரை (படத்தில் தெரியும் கட்டங்களை மழுப்பும் வேலை) தவிர்க்கும் தெரிவு ஒன்று இருக்கிறது, அதை முழுக்கத் தவிர் என்று வைத்தால் படம் கொஞ்சம் கட்டம் கட்டமாகத் தெரியும், ஆனால் ஓடும். எம்பிவியின் புதிய பதிப்புகளில் ஃபாஸ்ட் (fast) என்ற புரொஃபைல், அதாவது தயார் அமைப்புத் தொகுப்பு உண்டு, அது படத்தைத் திரையில் வரையும் வேலையை எளிதாக்கும். எக்ஸ்எஃப்சிஇ மாதிரி டெஸ்க்டாப் என்றால் கம்போசிட்டரையும் (ஜன்னல்களுக்கு நிழல் போன்ற அலங்காரம் சேர்க்கும் பகுதி) அணைத்துப் பாருங்கள். அப்புறம் ஃபேனில் தூசு! பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு அதன் பிறகு திணறுகிறது என்றால் சூடேறி பிராசஸர் தானாக வேகத்தைக் குறைக்கிறது, அங்கே எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை, துடைக்க வேண்டியதுதான்.

கடைசி வழி, 720க்கு இறங்குவது. 1080இல் ஒரு ஃபிரேமுக்கு சுமார் 20.7 லட்சம் பிக்சல், 720இல் 9.2 லட்சம்தான், பாதிக்கும் குறைவு. லேப்டாப் திரையே 1366க்கு 768 என்றால் இதில் இழப்பும் பெரிதாகத் தெரியாது. அடிக்கடி பார்க்கும் கோப்பாக இருந்தால் எஃப்எஃப்எம்பெக் (ffmpeg) என்ற வீடியோ மாற்றும் கருவியில் 8 பிட் எச்.264ஆக, 720 அளவில் மாற்றச் சொல்லிவிட்டுத் தூங்கப் போங்கள், பழைய பிராசஸருக்கு ஒரு ராத்திரி வேலை அது.