குழாயில் தண்ணீர் நின்றால் காத்திருக்காதீர்கள்: குளிர்காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடும் உறைபனி விழும் ஊர்களில் குழாய் வேலை பார்ப்பவர்களுக்கு எந்த நாளில் போன் ஓயாமல் அடிக்கும் தெரியுமா? குளிர் உச்சத்தில் இருக்கும் நாளில் இல்லை. குளிர் விட்டு, வெயில் தலைகாட்டும் மறுநாளில்தான். ஏன் என்று புரிந்துகொண்டாலே பாதி நஷ்டத்தைத் தவிர்க்கலாம். ஆனால் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் பையன்களும் சரி, குளிர்ப் பிரதேசத்துக்குப் புதிதாகக் குடிவந்தவர்களும் சரி, வருடா வருடம் அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஜன்னலை மூடுங்கள், குழாய்க்கு உறை போடுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

"வெயில் வந்தால் தானாகச் சரியாகிவிடும்"

எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு எரிச்சல் வரும் வாக்கியம் இது.

ஒரு மாடி வீடு. காலையில் மாடிக் குளியலறையில் தண்ணீர் வரவில்லை, கீழே சமையலறையில் வருகிறது. குடியிருந்தவர் வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறார். அவர் சொன்ன பதில்தான் மேலே இருக்கும் வாக்கியம். எல்லோரும் வேலைக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் திரும்பி வந்தால், சமையலறைக் கூரை விளக்கின் வழியாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. கூரைப் பலகை ஊறித் தொங்குகிறது. மரத்தரை உப்பிவிட்டது.

நடந்தது இதுதான். தண்ணீர் பனிக்கட்டியாகும்போது அதன் கன அளவு ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். குழாய்க்குள் ஓரிடத்தில் கட்டி அடைத்துக்கொண்டு வளர வளர, முன்னால் இருக்கும் தண்ணீரை மூடியிருக்கும் டேப் பக்கமாக நெருக்கும். அந்தத் தண்ணீருக்குப் போக வழியில்லை. அழுத்தம் வழக்கத்தைப் போலப் பல மடங்கு ஏறி, எந்த இடம் பலவீனமோ அங்கே குழாய் கிழியும். ஆனால் அப்போது ஒரு சொட்டும் வெளியே வராது, ஏனென்றால் பனிக்கட்டியே அடைப்பாக நிற்கிறது. அது உருகிய பிறகுதான் மெயின் அழுத்தம் முழுவதும் அந்தக் கிழிசல் வழியே வெளியே வரும். நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்குப் போய்த் திரும்பும் 8 மணி நேரத்தில் 4,800 லிட்டர்.

அந்த வீட்டில் என்னோடு வந்த பையன், சுவரில் அதிகம் ஜில்லென்று இருந்த இடத்தை உடைக்கப் போனான். நிறுத்தச் சொன்னேன். உறைந்த இடம் வேறு, உடைந்த இடம் வேறாக இருக்கலாம். டேப் பக்கமாக நகர்ந்து பார்த்தோம். செப்புக் குழாயில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல், இரண்டு ஓரமும் வெளிப்பக்கம் மடங்கியிருந்தன. உள்ளேயிருந்து நெருக்கிக் கிழித்ததற்கு அதுதான் அடையாளம். உறைந்த இடத்தில் குழாய் துளிகூடச் சேதப்படவில்லை.

ஆகவே உறைபனிக் காலையில் ஒரு டேப்பில் மட்டும் தண்ணீர் நின்றால், முதல் வேலை மெயின் வால்வை, அதாவது வீட்டுக்குள் வரும் தண்ணீரை மொத்தமாக நிறுத்தும் வால்வை, மூடுவது. அடுத்து, நின்றுபோன டேப்பைத் திறந்து வைப்பது. அப்புறம்தான் உருக்கும் வேலை. ஹேர் டிரையரோ சுடுநீரில் நனைத்த துணியோ போதும். டேப் பக்கத்திலிருந்து தொடங்கி அடைப்பை நோக்கிப் போக வேண்டும். நடுவில் சூடாக்கினால் உருகிய தண்ணீர் இரண்டு பக்கமும் கட்டிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். தரையில் ஈரம் இருந்தால் ஹேர் டிரையரைத் தொடாதீர்கள். ஊதுவிளக்கும் திறந்த நெருப்பும் கூடவே கூடாது, சுவருக்குள் மரம் இருக்கிறது. உருகிய பிறகு ஓர் ஆளைக் குழாய்ப் பக்கம் நிறுத்திவிட்டு, மெயினை மெதுவாகக் கொஞ்சமாகத் திறந்து பாருங்கள். வீட்டில் எந்த டேப்பிலும் தண்ணீர் இல்லையென்றால் முதலில் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அங்கேயும் இல்லையென்றால் அது தண்ணீர் வழங்குவோர் பார்க்க வேண்டிய பிரச்சினை.

இரவில் டேப்பைச் சொட்டச் சொட்ட விடச் சொல்வதும் இதே காரணத்துக்காகத்தான். ஓடும் தண்ணீர் உறையாது என்று நினைக்கிறார்கள். அந்தச் சின்ன ஒழுக்கு உறைவதைத் தடுக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அழுத்தம் வெளியேற வழி இருக்கும், குழாய் பிழைக்கும்.

மெயின் வால்வு எங்கே என்று தெரியாமல் இருப்பது

தெரிந்தால் மட்டும் போதாது, திருகிப் பார்த்திருக்க வேண்டும். வட்டக் கைப்பிடி வைத்த பழைய வால்வுகள் வருடக்கணக்காகத் தொடாமல் கிடந்தால் இறுகிவிடும். அவசரத்தில் பலம் கொண்டு திருகினால் உள்தண்டு முறிந்து, கைப்பிடி மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும், தண்ணீர் நிற்காது. குளிர் தொடங்குமுன் ஒரு தடவை மூடித் திறந்து பாருங்கள். நெம்புகோல் வைத்த வால்வு என்றால், கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

கசிவு இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், எல்லா டேப்பையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பாருங்கள். பல மீட்டர்களின் முகத்தில் ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும். அது சுற்றினால் எங்கோ தண்ணீர் போகிறது.

ஊருக்குப் போகும்போது ஹீட்டிங்கை அணைப்பது

மிச்சம் பிடிக்கிறோம் என்று செய்வது. 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறக்காதீர்கள், கூடவே மெயினையும் மூடிவிட்டுப் போங்கள். தீயணைப்புத் தெளிப்பான்களோ சுடுநீரில் ஓடும் ஹீட்டிங்கோ இருந்தால், மூடுவதற்கு முன் அந்த அமைப்பு தெரிந்தவரிடம் கேளுங்கள்.

வெளிக்குழாயில் ஹோஸை மாட்டியே விடுவது

கழற்றுங்கள். உறையாத வகைக் குழாய் என்று விற்பதும் ஹோஸ் மாட்டியிருந்தால் வெடிக்கும், உள்ளே நிற்கும் தண்ணீர் வடிய முடியாது.

அறை ஹீட்டரை எக்ஸ்டென்ஷனில் செருகுவது

1,500 வாட் ஹீட்டர் 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும், 230 வோல்ட்டில் ஆறரை. அதை மணிக்கணக்கில் தாங்கும்படி மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயர்களைச் செய்வதில்லை. நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள். அரை மணி நேரம் ஓடவிட்டு அணைத்தபின் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் சாக்கெட்டின் உள்பிடி தளர்ந்திருக்கிறது, மாற்றுங்கள். பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தால் பெரிய பிரேக்கர் மாட்டச் சொல்லாதீர்கள். சுவருக்குள் இருக்கும் வயரைக் காப்பதற்காகத்தான் அது விழுகிறது.

எரிவாயு ஹீட்டிங்தானே என்று மின்வெட்டை மறந்துவிடுவது

தீப்பொறி வைப்பதும் காற்றை ஊதுவதும் மின்சாரம்தான். கரண்ட் போனால் பெரும்பாலான வீடுகளில் எரிவாயு ஹீட்டிங்கும் நிற்கும், கிணற்று மோட்டாரும் நிற்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் பெரிய ஹீட்டர்களை அணைத்து வையுங்கள். திரும்பி வரும்போது தெரு முழுவதும் ஒரே நேரத்தில் இழுத்தால் மறுபடி கரண்ட் போய்விடும்.

ஜெனரேட்டர்

வீட்டுக்குள் வேண்டாம். கதவு திறந்த காரேஜிலும் வேண்டாம். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. ஜன்னல், கதவுகளிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி வையுங்கள்.

இன்னொன்று: இரண்டு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயரால் சுவர் சாக்கெட்டில் கரண்ட் ஏற்றுகிறார்கள். அது தெருவில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பின்னோக்கிப் போய் உயர் மின்னழுத்தமாக மாறும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் வேலை செய்பவர் செத்துப்போவார். தெரு லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச் இல்லாமல் வீட்டு வயரிங்கோடு ஜெனரேட்டரை இணைக்கவே இணைக்காதீர்கள்.

புகைபோக்கித் துளையைப் பனி மூடுவது

பனி பெய்து முடிந்ததும் வெளிச்சுவரில் இருக்கும் ஹீட்டிங் புகைத்துளையைக் கையால் துடைத்துவிடுங்கள். அது அடைத்துக் கிடந்தால் அதே கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பலாம்.

குழாயைக் காலி செய்துவிட்டு வாட்டர் ஹீட்டரை மறப்பது

மின்சாரத் தொட்டி ஹீட்டர் என்றால் தண்ணீரை வடிப்பதற்கு முன்பே அதன் பிரேக்கரை அணையுங்கள். காய்ந்த தொட்டியில் கம்பிச்சுருள் சில நிமிடங்களில் கருகிவிடும். திரும்ப நிரப்பும்போது சுடுநீர் டேப்பைத் திறந்து வைத்து, காற்றுச் சீறல் நின்று தண்ணீர் சீராக வந்த பிறகு பிரேக்கரைப் போடுங்கள்.