ஃபார்மேட் போடும் முன் பார்க்க வேண்டியவை: உங்கள் கம்ப்யூட்டர் பேரில் வேறு ஆள் வேலை பார்த்தால்

உங்கள் ஐடியில் இருந்து ஊரெல்லாம் லிங்க் போயிருக்கிறது. அல்லது நீங்கள் போடாத ஒன்றைப் போட்டதாக, உங்கள் ஐபி முகவரியை (இணையத்தில் உங்கள் இணைப்புக்கான எண்) காட்டி யாரோ கேட்கிறார்கள். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு நம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் சர்வீஸ் கடைக்குப் போனால் முதலில் வரும் பதில், "ஃபார்மேட் போட்டுருவோம் அண்ணாச்சி." சரி என்று சொல்லிவிடாதீர்கள். வைரஸ் போகும், நீங்கள் செய்யவில்லை என்று காட்ட இருக்கும் தடயமும் கூடவே போகும்.

ஒரு கம்ப்யூட்டரைப் போல வேஷம் போட முடியுமா என்றால், முடியும். வேஷம் போட்டவன் எந்த அடையாளத்தை எடுத்தான் என்பதைப் பொறுத்துத் தடயம் கிடக்கும் இடம் மாறும். அதை முதலில் பிரித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

ஐபியில் இருந்து தொடங்குவோம். எங்கோ உட்கார்ந்துகொண்டு உங்கள் ஐபியைப் பொய்யாக எழுதி ஒருவன் தகவல் அனுப்பலாம். ஆனால் பதில் அவனுக்கு வராது. அங்கிருந்து வரும் எண்ணைத் திருப்பிச் சொன்னால்தான் இணையதளம் இணைப்பையே திறக்கும். ஆகவே இந்த வழியில் லாகின் செய்வது நடைமுறையில் நடக்காத காரியம். லாகில், அதாவது இணையதளத்தின் பதிவேட்டில், உங்கள் ஐபிதான் இருக்கிறது, நீங்கள் செய்யவில்லை என்றால், பெரும்பாலும் மூன்றில் ஒன்று: உங்கள் வைஃபைக்குள் ஆள் வந்திருக்கிறான், உங்கள் கம்ப்யூட்டருக்குள் வந்திருக்கிறான், அல்லது அந்த ஐபி உங்களுக்கு மட்டும் உரியது இல்லை.

மூன்றாவதைப் பலர் யோசிப்பதே இல்லை. மொபைல் நெட்டிலும் சில கேபிள் இணைப்புகளிலும் ஒரே பொது ஐபியை ஒரே நேரத்தில் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. மோடத்தின் செட்டிங்ஸ் பக்கத்தில் 'வான் ஐபி' (WAN IP) என்ற இடத்தைப் பாருங்கள். 100.64-இல் இருந்து 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் உங்களுடையது பகிர்ந்த இணைப்பு. இப்படிப்பட்ட இணைப்பில் ஐபியும் தேதியும் மட்டும் வைத்து யாரையும் சுட்ட முடியாது. போர்ட் எண்ணும் (ஒரே ஐபியில் ஒவ்வொரு இணைப்பையும் பிரித்துக் காட்டும் எண்) நொடிவரை சரியான நேரமும் வேண்டும். நேரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நிறைய நிறுவனங்களின் லாக் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதோடு ஐந்தரை மணி நேரம் கூட்டினால்தான் நம் நேரம். லாகில் 14-ஆம் தேதி 20:10 என்றிருந்தால் இங்கே அது 15-ஆம் தேதி அதிகாலை 1:40. கணக்குப் போடாமல் "14-ஆம் தேதி ராத்திரி நான் அம்பாசமுத்திரத்தில் கல்யாண வீட்டில் இருந்தேன்" என்று சாட்சி சொன்னால் அது வேறு நாளுக்கான சாட்சியாகிவிடும்.

மேக் முகவரியை (கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டுக்கான அடையாள எண்) பெரிய ஆதாரம் போலச் சிலர் பேசுவார்கள். அந்த 12 எழுத்து மோடத்தைத் தாண்டி வெளியே போகாது. இணையதளத்துக்குத் தெரியவும் தெரியாது. ஒரு நிமிஷத்தில் மாற்றிக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு 10 முதல் போனே வைஃபைக்கு வேறு மேக் காட்டுகிறது. இதை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள்.

இப்போது அதிகம் நடப்பது குக்கித் திருட்டு. ஒருமுறை லாகின் ஆனதும் பிரவுசர் ஒரு சாவிக் கோப்பை வைத்துக்கொள்கிறது. அதைப் படியெடுத்தவனுக்குப் பாஸ்வேர்டும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். கிராக் செய்த போட்டோஷாப், கிராக் செய்த கணக்கு மென்பொருள், கேம் சீட் என்று எதிலாவது ஒட்டிக்கொண்டு வரும் திருட்டு நிரல் சில நொடியில் எல்லாக் குக்கியையும் அள்ளி அனுப்பிவிடும். டிடிபி கடைக் கம்ப்யூட்டர்கள் மாட்டுவது பெரும்பாலும் இப்படித்தான். பிரவுசர் பதிப்பு, திரை அளவு, நேர மண்டலம் ஆகியவற்றையும் சேர்த்தே அள்ளும் நிரல்கள் உண்டு. அவற்றை வைத்துத் தன் பிரவுசரை உங்கள் பிரவுசர் போலவே அவன் காட்டலாம். உங்கள் கம்ப்யூட்டரையே இடைவழியாக வைத்து அவன் வேலை பார்த்தால் ஐபியும் உங்களுடையதாகவே இருக்கும்.

சின்ன ஆட்களுக்கு மட்டும் வரும் தொல்லை என்று நினைக்க வேண்டாம். கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைத்திருந்த ஒரு கம்ப்யூட்டரில் மால்வேர் (கெடுதல் செய்யும் நிரல்) இருந்ததை 2019 அக்டோபர் 30-இல் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. முந்தின நாள்தான் நிலையத்தின் தரப்பில் மறுப்பு வந்திருந்தது. கட்டுப்பாட்டு அமைப்பு தனி வலையமைப்பில் இருந்ததால் அங்கே பாதிப்பு இல்லை என்றார்கள். கடையிலும் அதே ஏற்பாடு நல்லது: பில்லிங், பேங்க் வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் வேறு எதையும் இறக்காதீர்கள்.

செய்ய வேண்டிய வரிசை

சந்தேகம் வந்ததும் நெட் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்ய வேண்டாம்; நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது அழிந்துவிடும். மற்ற வேலைகளைச் சந்தேகமில்லாத வேறு கம்ப்யூட்டரிலோ போனிலோ பாருங்கள்.

அடுத்தது கணக்குகள். ஜிமெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்தால் பக்கத்தின் அடியில் வலது ஓரத்தில் 'டீடெயில்ஸ்' என்று சின்னதாக இருக்கும். அதில் எந்த ஐபி, எந்த நேரம், பிரவுசரா மொபைலா என்பது வரும். கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பகுதியில் 'யுவர் டிவைசஸ்' பட்டியலையும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் 'லிங்க்டு டிவைசஸ்': போன் போக 4 கருவிகள் வரை இணைக்கலாம், ஒவ்வொன்றும் கடைசியாக எப்போது இயங்கியது என்பது தெரியும். எல்லாவற்றையும் முழுத் திரையாக, முகவரியும் கடிகாரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்: பதற்றத்தில் முதலில் 'எல்லா டிவைசிலும் லாக் அவுட்' அழுத்திவிடுகிறார்கள். பட்டியல் காலியான பிறகு காட்ட எதுவும் இருக்காது. படம் எடுத்த பிறகு பாஸ்வேர்டை மாற்றுங்கள், அதன்பிறகு லாக் அவுட். மாட்டிய கம்ப்யூட்டரிலேயே பாஸ்வேர்டை மாற்றினால் புதியதும் அவன் கைக்குப் போகும். ஜிமெயில் செட்டிங்ஸில் ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் திறந்து பாருங்கள். பேங்க் மெயில் உங்கள் கண்ணில் படாமல் நேரே குப்பைக்குப் போக ஒரு ஃபில்டர் உட்கார்ந்திருக்கலாம்.

இனி கம்ப்யூட்டர். ஸ்டார்ட் மெனுவில் 'ஈவென்ட் வியூவர்' என்று தேடி, விண்டோஸ் லாக்ஸ், அதற்குள் செக்யூரிட்டி. எண் 4624 என்றால் யாரோ உள்ளே வந்த பதிவு. அதைத் திறந்து 'லாகான் டைப்' பாருங்கள்: 2 என்றால் கீபோர்டு முன்னால் உட்கார்ந்த ஆள், 10 என்றால் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக. 4625 தோற்றுப்போன முயற்சி. சிஸ்டம் பகுதியில் 7045 என்பது புதிய சர்வீஸ் (பின்னணியில் தானே ஓடும் நிரல்) ஒன்று பதிந்த நேரம். சம்பவத்துக்குக் கொஞ்சம் முன்னால் தெரியாத பேரில் ஒன்று இருந்தால் அதுதான் நூல் நுனி. தூரத்தில் இருந்து கம்ப்யூட்டரை இயக்கும் எனிடெஸ்க் வழியாக வந்தவன் இந்த 10-இல் சிக்கமாட்டான். அது இன்ஸ்டால் ஆகியிருந்தால் புரோகிராம்டேட்டா ஃபோல்டருக்குள் தன் 'கனெக்‌ஷன் டிரேஸ்' கோப்பில் வந்தவரின் ஐடியையும் நேரத்தையும் எழுதிவைத்திருக்கும்.

செக்யூரிட்டி லாக் கோப்பின் வழக்கமான கொள்ளளவு 20 எம்பி. நிரம்பினால் பழையது மேலேயே புதியது எழுதப்படும். அதனால் ரைட் கிளிக் செய்து 'சேவ் ஆல் ஈவென்ட்ஸ்' கொடுத்துப் புதிய பென்டிரைவில் உடனே எடுத்துவையுங்கள்.

அந்தச் சிஸ்டம் பகுதியிலேயே 6005 கம்ப்யூட்டர் எழுந்த நேரம், 6006 ஒழுங்காக அணைந்த நேரம், 41 முந்தின தடவை கரண்ட் போனது மாதிரி ஏதோ காரணத்தில் ஒழுங்காக அணையாமல் பொசுக்கென்று நின்றதற்கான பதிவு. யுபிஎஸ் இல்லாத கம்ப்யூட்டருக்கு மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நல்ல சாட்சி: சம்பவ நேரம் அந்த மின்தடைக்குள் விழுந்தால் செய்தித்தாளில் வந்த அறிவிப்பை வெட்டி வையுங்கள். ஆனால் லாகில் சந்தேகமாக ஒன்றும் இல்லை என்பதால் யாரும் வரவில்லை என்று ஆகாது. மால்வேர் உங்கள் லாகினுக்குள்ளேயே ஓடும். தனிப் பதிவு விழாது.

மோடத்தின் செட்டிங்ஸைத் திறக்கப் பிரவுசரில் 192.168.1.1 அல்லது மோடத்தின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள முகவரியை அடியுங்கள். இணைந்திருக்கும் கருவிகள், போர்ட் ஃபார்வர்டிங், டிஎன்எஸ் மூன்றையும் படம் எடுத்த பிறகுதான் ரீசெட். கேபிள்காரர் போட்டுத்தந்த பாஸ்வேர்டு உங்கள் போன் நம்பராகவே இருந்தால் தெருவுக்கே தெரிந்த பாஸ்வேர்டு அது. பாளையங்கோட்டை மாதிரி மாடியில் மாணவர்களை வாடகைக்கு வைத்திருக்கும் வீடுகளில் 'கெஸ்ட்' வைஃபை தனியாகக் கொடுங்கள். டபிள்யூபிஎஸ் வசதியை (வைஃபை பாஸ்வேர்டு அடிக்காமலே இணைய வைப்பது) அணைத்துவிடுங்கள்: அதன் ரகசிய எண் (PIN) 8 இலக்கம் என்றாலும் 11,000 முயற்சிக்குள் உடைத்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிவந்துவிட்டது.

விஷயம் போலீஸ் வரை போகும் என்றால்

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுப் புது டிஸ்க்கில் விண்டோஸ் போடச் சொல்லுங்கள். பழையதை யாரும் திறந்து பார்க்கக் கூடாது. திறந்தாலே கோப்புகளின் நேரம் மாறும். எடுத்துவைத்த லாக் கோப்புகளுக்கு எஸ்ஹெச்ஏ-256 ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரி) எடுங்கள். செவன்-ஸிப் இருந்தால் ரைட் கிளிக்கிலேயே வரும், 64 எழுத்து. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்‌ஷிய அதினியத்தின் (சாட்சியச் சட்டம்) 63-ஆம் பிரிவுச் சான்றிதழில், அதாவது மின்னணு ஆதாரத்தோடு தரும் சான்றிதழில், இந்த ஹாஷ் கேட்கிறார்கள். ஏ பகுதியை நீங்களும் பி பகுதியை ஒரு நிபுணரும் நிரப்ப வேண்டும்.

டிஸ்க் ஏன் முக்கியம் என்பதற்கு பீமா கோரேகான் வழக்கைப் பாருங்கள். அதில் கைதான ரோனா வில்சனின் லேப்டாப்பில், அவருக்கு எதிரான ஆதாரமாகக் காட்டிய கடிதங்களை வெளியாள் செருகியதாக அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் என்ற தடய ஆய்வு நிறுவனம் 2021-இல் அறிக்கை தந்தது. அந்த லேப்டாப்பில் இருந்த வேர்டைவிடப் புதிய பதிப்பில் சில கடிதங்கள் தயாராகியிருந்தன என்பது அதில் ஒரு காரணம். தேசியப் புலனாய்வு முகமை அறிக்கையை ஏற்கவில்லை. ஆனால் டிஸ்க்கின் நகல் இருந்ததால்தான் அப்படி ஒரு ஆய்வே நடந்தது.

பணம் போயிருந்தால் முதல் வேலை சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன். மற்றவற்றுக்குத் தேசிய சைபர் கிரைம் இணையதளம், அல்லது நேரில். திருநெல்வேலி மாநகர எல்லைக்குள் இருப்பவர்கள் மாநகர சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு. வள்ளியூர், சேரன்மகாதேவி போன்ற ஊர்க்காரர்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு. 2019-இல் தென்காசி தனி மாவட்டம் ஆனதால் சங்கரன்கோவில், ஆலங்குளம்காரர்கள் அங்கே போக வேண்டும். பாஸ்வேர்டு போன்ற அடையாளத்தைத் திருடிப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-சி, ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66-டி. இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். மனுவில் ஐபி, போர்ட், இந்திய நேரம், யூடிசி நேரம் நான்கையும் தனித்தனி வரியில் எழுதுங்கள். தாமதிக்காதீர்கள்: 2022 ஏப்ரலில் சர்ட்-இன் (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் லாகை 180 நாள் வைத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகு கேட்டால் கிடைக்கும் என்ற உறுதி இல்லை.