லாடத்தைக் கழற்றும் முன் தீனியைத் திருத்துங்கள்

குதிரையின் குளம்பு வெடித்து, லாட ஆணி நிற்காமல் பெயர்ந்து வரும்போது, பலர் உடனே லாடத்தைக் கழற்றிவிடுகிறார்கள். சில நாட்களில் குதிரை நொண்டுவதைக் கண்டு, வெறுங்குளம்பு தங்கள் குதிரைக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டி மீண்டும் லாடம் அடித்துவிடுகிறார்கள். குளம்பின் வெளிப்புறச் சுவர், தோலும் குளம்பும் சேரும் மயிர்க்கோட்டிலிருந்து கீழ்நோக்கி மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர்தான் வளர்கிறது. முன்பகுதி முழுவதும் புதிதாக வளர்ந்து தரையைத் தொட 9 முதல் 12 மாதங்கள் ஆகும். தீனியின் பலன் இப்படிப் புதிதாக வளரும் சுவரில்தான் தெரியும். ஆகவே லாடத்தைக் கழற்றுவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பே தீனியை மாற்றிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நம் லாயங்களில் கொள்ளும் தவிடும் வெல்லமும்தான் குதிரைக்கு வலுவூட்டும் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகுந்தால், செரிக்காத மாவு பெருங்குடலில் புளித்து அமிலமாகிறது. இரத்தத்தில் இன்சுலினும் உயர்கிறது. இவை இரண்டும் குளம்புச் சுவரை உள்ளிருக்கும் எலும்போடு பிணைக்கும் மெல்லிய அடுக்குகளைத் தளர்த்துகின்றன. வெல்லத்தை அறவே நிறுத்திவிட்டு, தானியத்தை இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாகக் குறைத்து, உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் அளவுக்கு, அதாவது 400 கிலோ குதிரைக்கு நாளொன்றுக்கு 6 முதல் 8 கிலோ உலர்புல்லைப் பல வேளைகளாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். தவிட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். நேப்பியர், கொழுக்கட்டைப் புல் போன்றவற்றிலுள்ள ஆக்சலேட் என்ற உப்பும் கால்சியத்தை உடலில் சேரவிடாது. இக்குறையைக் குதிரைமசால் என்ற தீவனப் பயிர் ஓரளவு ஈடுசெய்யும். துத்தநாகமும் தாமிரமும் கலந்த தாது உப்பைக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்க்கலாம். லிப்பிசானர் இனக் குதிரைகளுக்கு நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பயோட்டின் என்ற வைட்டமின் கொடுத்து நடத்திய ஆய்வில்கூட, ஏறக்குறைய 9 மாதங்களுக்குப் பிறகே குளம்பில் முன்னேற்றம் தெரிந்தது.

தீனியை மாற்றிய காலத்தைக் குளம்பே காட்டிக்கொடுக்கும். மயிர்க்கோட்டுக்குக் கீழே ஒரு வளையம் தோன்றி மாதாமாதம் இறங்கிவரும். அதற்கு மேலுள்ள சுவர் வழவழப்பாகவும், கீழுள்ள பழைய சுவரைவிடச் சற்றுச் செங்குத்தாகவும் இருந்தால், பிணைப்பு இறுகுகிறது என்று கொள்ளலாம்.

லாடத்தை நெம்பிப் பெயர்த்தால் சுவரும் சேர்ந்து பிய்ந்துவிடும். வெளிப்புறம் மடங்கியிருக்கும் ஆணி முனைகளை முதலில் அரத்தால் ராவிவிட்டு, ஆணிகளை ஒவ்வொன்றாக உருவச் சொல்லுங்கள். அடிப்பாகத்தையும் நடுவிலுள்ள முக்கோண மெத்தையையும் சீவ விடாதீர்கள். சுவரின் விளிம்பை மட்டும் உருட்டிவிட்டால் போதும். அதன்பின் 4 முதல் 6 வாரங்களுக்கு ஒருமுறை ராவ வேண்டும்.

முதல் சில வாரங்கள் மணலிலும் மண்தரையிலும் நடத்தி, பிறகு கூழாங்கல் தரைக்குப் பழக்கலாம். கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே குதிரை வளர்ப்பு பற்றி நூல் எழுதிய கிரேக்கர் செனஃபோன், குதிரை நிற்கும் முற்றத்தில் கைக்கு அடங்கும் உருண்டைக் கற்களைப் பரப்பச் சொல்லியிருக்கிறார். சிறுநீர் தேங்கும் கொட்டிலில் மட்டும் எந்த முயற்சியும் பலிக்காது. மெத்தையின் பிளவில் கறுப்பாக, நாற்றத்துடன் கசிவு இருந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். தினமும் சுரண்டித் துடைத்து, குதிரையைக் காய்ந்த தரையில் கட்டுங்கள்.

கணுக்காலின் பின்புறம் இருபக்கமும் விரல் வைத்துத் தினமும் நாடி பாருங்கள். நலமான குதிரைக்கு அது மெலிதாகவே தெரியும். அது துள்ளியடித்து, குளம்பும் சூடாக இருந்து, குதிரை எடையைப் பின்னங்கால்களுக்கு மாற்றி நின்றால், அன்றே மருத்துவரை அழையுங்கள்.

தார்ச்சாலையில் நாள் முழுவதும் வண்டி இழுக்கும் குதிரைக்கு, வளர்ச்சியைவிடத் தேய்மானம் மிஞ்சிவிடும் என்பதால், குளம்புக் காலணியோ லாடமோ தேவைப்படும். மேற்சொன்ன தீனியைக் கொடுத்துவந்தால், அந்த லாடத்தின் ஆணியும் புதிய சுவரில் நன்றாகப் பிடிக்கும்.