புதிய விசுவாசியோடு மாற்கு சுவிசேஷம்

ஞானஸ்நானம் பெற்றவரை ஞாயிறு ஆராதனையோடு விட்டுவிடாமல், சபையில் முதிர்ந்த ஒருவர் வாரத்தில் ஒரு மாலை அவரோடு அமர்ந்து மாற்கு சுவிசேஷத்தை வாசிப்பதே சீஷத்துவத்துக்கு, அதாவது இயேசுவைப் பின்பற்றி வாழப் பழகுவதற்கு, எளிய வழி. 16 அதிகாரங்களே இருப்பதால், வாரத்துக்கு ஒன்றாக நான்கு மாதத்துக்குள் முடித்துவிடலாம். இயேசு இங்கே என்ன செய்தார், இந்த வாரம் நான் எதற்குக் கீழ்ப்படிய வேண்டும், இதை யாரிடம் சொல்லப்போகிறேன் என்ற கேள்விகளுக்குப் புதிய விசுவாசி ஒரு கொப்பியில் விடை எழுதட்டும். அடுத்த சந்திப்பை அந்த விடையிலிருந்தே தொடங்குங்கள். "அண்ணனோடு ஒப்புரவாக வேண்டும்" என்று எழுதியவரிடம், போய்ப் பேசினீர்களா என்று அன்போடு கேட்காவிட்டால், அது வெறும் வேதபாட வகுப்பாகிவிடும். (அறிவுரை மழை பொழியும் மூத்தவர்கள் இங்கே சற்று வாயடக்க வேண்டும்.)

கல்லடியில் கடலுக்குப் போகிறவர்களுக்கும், அம்பாறைப் பக்கம் வேளாண்மை வெட்டுக் காலத்தில் வயலில் நிற்பவர்களுக்கும் மாலை நேரம் ஒத்துவராது. அவர்களுடைய வசதிக்கேற்ப நாளை மாற்றுங்கள்.

தன்னிடம் தீமோத்தேயு கேட்டவற்றை, மற்றவர்களுக்கும் போதிக்கத்தக்க உண்மையுள்ளவர்களிடம் ஒப்புவிக்கும்படி பவுல் 2 தீமோத்தேயு 2:2இல் சொல்வதால், 9ஆம் அதிகாரத்திலிருந்து கேள்விகளைப் புதிய விசுவாசியே கேட்கட்டும். 16ஆம் அதிகாரம் முடிந்ததும், அவர் வேறொருவரோடு முதல் அதிகாரத்தைத் தொடங்கட்டும்.